பஜனை மடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பான அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

நம் தோட்டத்து ஆச்சிமாரின் தாலாட்டையும் பெரியவர்களின் காமன் கூத்துப் பாட்டுகளையும் பதிந்து வைக்க, பஜனை மடத்தைச் சீராக்க வேண்டும் என்று முடிவெடுத்திருந்தோம். அந்த வேலை நிறைவடைந்துவிட்டது.

மடத்தில் சுவரும் தரையும் சிமெந்து. கை தட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே இருக்கும். பதிவில் ஒரு சொல்லும் விளங்காது. கடையில் எதிரொலியை அடக்கும் பலகை வாங்க நம் நிதி போதாது. அப்புறம்தான் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் கிடந்த பழைய மெத்தைகள் ஞாபகம் வந்தன.

வீடு வீடாகக் கேட்டதில் 14 மெத்தை சேர்ந்தது. 8 மட்டும் எடுத்தோம். பூஞ்சணம் பிடித்ததும் மூட்டைப்பூச்சி இருந்ததும் ஆகாது. கொடுத்தவர்கள் மனம் வருந்த வேண்டாம். எடுத்தவற்றைப் பிரித்து மூன்று நாள் வெயிலில் உலர்த்தினோம். கம்பிச்சுருள் பழைய இரும்புக்காரரிடம் போனது. வாய் வைத்து ஊதினால் காற்று ஊடே போகிற பொருள்தான் சத்தத்தை வாங்கும். அதனால் றெக்சின் உறையைக் கழற்றிவிட்டு, பழைய நூல் சேலைகளைப் போர்த்தினோம்.

4 அங்குல ஸ்பொஞ்சைப் பலகைச் சட்டத்தில் பொருத்தி, சுவரிலிருந்து இன்னும் 4 அங்குலம் தள்ளி மாட்டினோம். சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதில்லை. தள்ளி வைத்தால்தான் தாழ்ந்த குரலும் அடங்கும், ஈரமும் தங்காது. தப்பு மேளத்தின் கனத்த ஓசையை அடக்க மூலைகளில் தேங்காய்த் தும்பைத் தடிப்பாக அடுக்கினோம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். ஸ்பொஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். அதன் புகை உயிரையே பறிக்கும். மடத்துக்குள் விளக்கு, கற்பூரம், சாம்பிராணி எதுவும் கூடாது. பெரியவர்கள் சிலருக்கு இதில் வருத்தம் என்று தெரியும். பூசை எல்லாம் கோவிலுக்குள்ளேயே நடக்கட்டும். பிள்ளைகளின் ஒன்லைன் வகுப்புக்காக வீட்டில் இப்படிச் செய்யக் கேட்டவர்களுக்கும் இதுதான் பதில்: அடுப்பு எரிகிற காம்பராவில் வேண்டவே வேண்டாம். வேறு அறை இருந்தால், பேசுகிறவருக்கு எதிர்ச்சுவரிலும் முதுகுப்பக்கமும் ஒவ்வொரு சட்டம் போதும்.

தகரக் கூரையில் விழும் மழை இரைச்சல் குறையவில்லை. மெத்தை உள்ளே எழும் எதிரொலியைத்தான் அடக்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்காது. ஆகவே மழை குறைந்த தை, மாசியில் பதிவுகளை வைத்துக்கொள்வோம்.

முதல் பதிவாக ஓர் ஆச்சி தாலாட்டுப் பாடினார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது. அடிக்கு அடி அவர் மூச்சு வாங்குவதும் கேட்கிறது.

செலவுக் கணக்கு கோவில் அறிவிப்புப் பலகையில் உள்ளது.

நிர்வாக சபையினர்