தட்டைத் தட்டிக் காதைச் சோதிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், குழந்தை வளர்ப்புக் குறிப்புகளுக்கு நடுவே, "பிள்ளைக்குப் பின்னால் நின்று பலமுறை கை தட்டிப் பாருங்கள், அசையாவிட்டால் காதில் கோளாறு இருக்கலாம்" என்று போட்டிருந்தீர்கள். அந்தப் 'பலமுறை'தான் என்னை எழுத வைத்தது. நான் பண்ருட்டிப் பக்கம் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள்.

என் மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பேரனுக்கு நாற்பது நாள் இருக்கும். பார்க்க வந்த சம்பந்தியம்மா, குடை கொசுவலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தவன் தலைமாட்டில் நின்று, சில்வர் தட்டில் கரண்டியால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது; இரண்டு கையும் விரிந்து நடுங்கின. இரண்டாவது தட்டுக்கு இமையை மட்டும் இறுக்கிக்கொண்டான். மூன்றாவதுக்குச் சுண்டுவிரல் லேசாக அசைந்தது. நாலாவதுக்கு ஒன்றுமில்லை. ஐந்து, ஆறு என்று சம்பந்தியம்மா அடித்துக்கொண்டே போகிறார், இவன் குழவிக்கல் மாதிரி கிடக்கிறான்.

"என்னங்க சம்பந்தி, பிள்ளைக்குக் காது கேக்கலையா?"

எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கிப் பார்த்தவள் நான். எனக்கே வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்த நேரம் பார்த்து அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. பையன் துள்ளி விழுந்து வீறிட்டான்.

என் மகள் உளவியல் படித்தவள். சிரித்துக்கொண்டே வந்து அவனைத் தூக்கினாள். "நல்லாத்தாம்மா கேக்குது. அதே சத்தம், அதனால ஒண்ணும் ஆகலைன்னு கத்துக்கிட்டான், விட்டுட்டான். விசில் புதுசு, அதான் முழிச்சுக்கிட்டான்" என்றாள். பாடப் புத்தகத்தில் இதற்கு ஹாபிச்சுவேஷன் என்று பெயராம். கோயில் பூனை தேவருக்கு அஞ்சுமா என்று நாம் சொல்வதுதான். சோர்ந்து போய் அசையாமல் கிடந்திருந்தால் விசிலுக்கும் அசைந்திருக்க மாட்டான் இல்லையா?

அன்று இரவு அவள் சொன்ன இரண்டு விஷயங்கள் எனக்குப் புதிது. பெர்ரி பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1973-ல் பிறந்த குழந்தைகளுக்கென்று ஒரு சோதனை முறையை வெளியிட்டார். தூங்கும் சிசுவின் பக்கத்தில் கிலுகிலுப்பையை ஆட்டுவார்கள், மணி அடிப்பார்கள், மூடிய கண் மேல் டார்ச் அடிப்பார்கள். ஒவ்வொன்றும் பத்து முறை வரை. நாலைந்து தடவைக்குள் பிள்ளை கண்டுகொள்ளாமல் தூங்கப் போனால் அது நல்ல அறிகுறி. நாங்கள் அலறிய இடத்தில் அவர் நல்ல மதிப்பெண் போட்டிருப்பார்!

இன்னொன்று 1971-ல் நடந்தது. பீட்டர் ஐமஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட்டாளிகளும் ஒரு மாத, நாலு மாதக் குழந்தைகளுக்கு ரப்பர் சூப்பானைக் கொடுத்தார்கள். வேகமாகச் சப்பினால் ஒலிபெருக்கியில் ஒரு சத்தம் வரும். அதே சத்தம் திரும்பத் திரும்ப வந்ததும் சப்புவது மந்தமாகிவிடும். சத்தத்தை மாற்றியதும் மறுபடி வேகம் பிடித்தது. அவர்கள் மாற்றியது ரொம்பக் கொஞ்சம். நம் 'பம்பரம்' என்ற சொல்லில் முதல் 'ப'வும் இரண்டாவது 'ப'வும் வேறு வேறு மாதிரி ஒலிக்கிறதே, கிட்டத்தட்ட அந்த அளவு. நாம் இரண்டுக்கும் ஒரே எழுத்தைத்தான் போடுகிறோம். பேச்சு வராத பிள்ளை பிரித்துக் கேட்கிறது.

இதோடு கடிதத்தை முடித்தால் பாதிதான் சொன்னதாகும். கை தட்டுவது மறுபக்கமும் ஏமாற்றும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தாய் தன் ஆறு மாதப் பெண் குழந்தையைக் கொண்டுவந்து "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது நர்சம்மா" என்றாள். பின்னால் நின்று கை தட்டினேன். திரும்பியது. "காது நல்லாத்தான் இருக்கு, போம்மா" என்று அனுப்பினேன். பிடரியில் பட்ட காற்றுக்கோ, சுவரில் விழுந்த என் நிழலுக்கோ திரும்பியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இரண்டு காதும் கேட்காது என்று தெரிந்தபோது அதற்கு மூன்று வயது. அந்தத் தாய் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகு நான் யாருக்கும் கை தட்டிப் பார்த்ததில்லை.

ஓ.ஏ.இ. என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. காதில் மெத்தென்ற சின்ன முனையை வைத்து மெல்லிய சத்தம் அனுப்புவார்கள். உட்காது அதற்குத் திருப்பி எழுப்பும் ஒலியைக் கருவி பிடித்துக்கொள்ளும். பிள்ளை தூங்கினாலே போதும், சில நிமிட வேலை. சத்தம் பழகிவிட்டது, அலுத்துவிட்டது என்ற பேச்சே அங்கு இல்லை. சந்தேகம் வந்தால் அடுத்து பெரா; தலையில் மின்முனைகளை ஒட்டி, சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை அது. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது கணக்கு. 2013-ல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பிள்ளைகளின் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டு கவனிக்க இயங்கும் மாவட்ட இடையீட்டு மையத்தில் கேட்கலாம். கேட்கும் நரம்பைத் தூண்ட உட்காதில் அறுவை செய்து வைக்கும் காக்ளியர் கருவி பொருத்த வேண்டியிருந்தால் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டு. பேரனையும் கூட்டிப்போனோம். நல்ல தூக்கத்திலேயே 'பாஸ்' வாங்கினான்.

அடுத்த ஞாயிறு அந்தக் குறிப்பில் 'பலமுறை கை தட்டி' என்பதை எடுத்துவிட்டு, ஓ.ஏ.இ. பற்றி நாலு வரி போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பாதிப் பேர் என்னைப் போன்ற பாட்டிகள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
பண்ருட்டி வட்டம்.