ஆண்டறிக்கை: ஆச்சி போன முதல் டிரையத்லான்

தலைவர் அவர்களே, ஆடி வெயிலையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

வழக்கமானதை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதாமாதம் கூடியது. வைகாசியில் மட்டும் எல்லோருக்கும் கல்யாண வீடு, அதனால் கூடவில்லை. ஞாயிறு சைக்கிள் பயணம் தவறாமல் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சங்கத்துக் காற்றடிக்கும் பம்ப் எங்கே போனது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மீதி நேரம் ஆச்சிக்கு.

போன பொதுக்குழுவில் நம் பலகாரக் கடை ஆச்சி எழுந்து, "நீச்சல் தெரியும், சைக்கிள் தெரியும், வருசா வருசம் பழனிக்கு நடக்குறேன். இது மூணையும் சேத்து ஒரு போட்டி இருக்காமே, அதுல என்னை விடுங்க தம்பி" என்றது நினைவிருக்கும். ஆச்சிக்கு வயது 46. புதுசாகக் கிளம்பிய மோகம் என்று சிலர் முணுமுணுத்தீர்கள். 1974-லேயே அமெரிக்காவின் சான் டியேகோவில் நடத்தியிருக்கிறார்கள், 2000 சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து பதக்கமும் உண்டு. "அயர்ன்மேனா?" என்று பயந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது இதே போட்டியின் நெடுந்தூர வகை: 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம். ஆச்சிக்கு நாங்கள் பார்த்தது ஸ்பிரின்ட்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம்.

முதல் இரண்டு மாதத்தை வீணடித்தது நாங்கள்தான், குறிப்பாக நான். பழனிக்கு நடக்கிற கால், ஓட்டம் எளிது என்று நினைத்து வாரம் ஆறு நாள் ஓடவிட்டேன். நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போது இரண்டும் எழும்பி, உடம்பு எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பாரம் ஒற்றைக் காலில் இறங்கும். மூச்சு தயாராகிவிட்டது, எலும்பு தயாராகவில்லை. முன்னங்காலில் வலி வந்து மூன்று வாரம் ஓட்டமே கிடையாது. அப்புறம்தான் ஓய்வுபெற்ற நம் பி.டி. சார் பொறுப்பை வாங்கிக்கொண்டார். வாரம் மூன்று நாள், இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. அவ்வளவுதான்.

நீச்சல்தான் உண்மையான பாடம். ஆச்சி சின்ன வயதில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் கற்றவர். தலையைத் தூக்கியபடியே நீந்துவார். தலை மேலே போனால் இடுப்பு கீழே போகும், உடம்பே தண்ணீருக்குத் தடை. கிணற்றில் நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும். 750 மீட்டர் என்பது 25 மீட்டர் நீச்சல்குளத்தில் 30 நீளம். மூன்றாவது நீளத்திலேயே மூச்சு முட்டியது. காற்று போதவில்லை என்று ஆச்சி நினைத்தார். உள்ளே இழுத்ததை வெளியே விடாமல் அடக்கிவைத்ததுதான் காரணம் என்றார் சார். கரியமில வாயு சேரச் சேரத்தான் அந்தத் தவிப்பு. ஒரு வாரம் முழுக்கக் குளத்துப் படியைப் பிடித்துக்கொண்டு முகத்தை முக்கி, குமிழி விட்டதுதான் பயிற்சி.

ஐப்பசி மழையில் கண்மாய் பெருகியதும் அங்கே மாறினோம். குடிதண்ணீர் ஊருணியில் இறங்கக் கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாட்டை நாங்களும் மீறவில்லை. மண் அள்ளிய பள்ளம் இருக்கிற பக்கத்தைச் சவுக்குக் கம்பு நட்டு ஒதுக்கினோம். சார் டிராக்டர் டியூபில் கூடவே வந்தார். செம்மண் தண்ணீர், தன் கை தனக்கே தெரியாது. கரையிலிருந்து ஐம்பது மீட்டர் போனதும் ஆச்சி அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். "மல்லாக்கப் படுங்க ஆச்சி, வானத்தைப் பாருங்க" என்றார் சார். படுத்தார். கொஞ்ச நேரத்தில் மிதந்தபடியே கடைப் பையனுக்கு எண்ணெய் வாங்கச் சொல்லவில்லை என்று புலம்பினார். சரி, பயம் தெளிந்துவிட்டது என்று தெரிந்தது. நீச்சல்குளத்தைப் போல அடியில் கோடு கிடையாது என்பதால் எட்டுக் கைக்கு ஒரு தரம் முதலை மாதிரி கண்ணை மட்டும் தூக்கி அய்யனார் கோயில் புளியமரத்தைப் பார்க்கப் பழகினார்.

சைக்கிளில் சொல்ல அதிகம் இல்லை. விடியுமுன் குன்றக்குடியைத் தாண்டிப் பிள்ளையார்பட்டி போய்த் திரும்பினால் 20 கிலோமீட்டருக்குக் கூடவே வரும். இறங்கியதும் நிற்காமல் பத்து நிமிடம் ஓடச் சொல்வார் சார். கால் கட்டையாகிவிடும். பழகப் பழகத்தான் அந்தக் கட்டை சீக்கிரம் உடையும். இந்தப் பயிற்சிக்கு ஆங்கிலத்தில் செங்கல் என்று பெயராம். ஆச்சி அதைக் கேட்டுச் சிரித்தது தெருவுக்கே கேட்டது.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதை ஆச்சி வீட்டு வளவில் பழக்கினோம். தாம்பாளத்தில் ஹெல்மெட், அதற்குள் கண்ணாடி, பக்கத்தில் பவுடர் தூவிய காலுறை. ஹெல்மெட் கொக்கியை மாட்டாமல் சைக்கிளைத் தொடக்கூடாது, திரும்பி வந்து சைக்கிளை நிறுத்தும்வரை கழற்றவும் கூடாது. ஈரக் காலோடு ஓடி ஆத்தங்குடிக் கல்லில் இரண்டு தரம் வழுக்கியபின் ஒரு கோணிச்சாக்கும் போட்டோம்.

சாப்பாட்டில் ஒரு தரம் பட்டோம். நீச்சலுக்கு முன் நாலு கந்தரப்பம். நல்ல பலகாரம்தான், பாதிக் கண்மாயில் திரும்ப வந்தது. அதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு முன் இட்லி, சைக்கிளில் உப்புப் போட்ட நீர்மோர்.

போட்டிக்குச் சில வாரம் முன்பு தைப்பூசம். கால் கொப்பளிக்கும், இந்த வருடம் மட்டும் பழனி வேண்டாம் என்று கெஞ்சினேன். "முருகனுக்கு அப்புறந்தான் உங்க போட்டி" என்று குன்றக்குடியிலிருந்து காவடியோடு போய்விட்டார். கொப்பளிக்கத்தான் செய்தது. போட்டிக்குள் ஆறியும் விட்டது. அந்த விவாதத்தில் தோற்றவன் நான்.

மாசியில் வெளியூர் ஏரியில் போட்டி. முதல் மிதவை அருகே யாரோ உதைத்ததில் கண்ணாடி கழன்றது. நாங்கள் கரையில் பதறினோம். ஆச்சி மல்லாக்கப் படுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி நீந்தினார். 2 மணி 6 நிமிடம். கடைசியிலிருந்து ஏழாவது. எல்லைக்கோட்டில் முதல் கேள்வி, "கடையைத் தொறந்தானா?"

அடுத்த வருடத்துக்கு மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு நீச்சலே தெரியாது, அவர் இன்றிலிருந்து தொடங்கட்டும். ஓட்ட அட்டவணையை நான் போடமாட்டேன், சார்தான் போடுவார். டிராக்டர் டியூபை பொங்கலுக்கு இரவல் வாங்கிப்போனவர் ஐப்பசிக்குள் கொண்டுவந்து சேர்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்