மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்பே ஹைட்ராலிக் பிரஸ் ஆய்வு தேவை

ஐயா,

பட்டறைகளில் பாதுகாப்பு ஆய்வு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். பாய்லர், லிஃப்ட் பற்றிப் பேசும் அச்செய்தியில் பாம்பன், மண்டபம், தொண்டிக் கரையோரப் படகுப் பட்டறைகளின் ஹைட்ராலிக் பிரஸ் (எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் அழுத்து இயந்திரம்) இடம்பெறவில்லை. எஞ்சினில் சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங், புஷ் ஆகியவற்றைக் கழற்ற உதவும் சாதாரண 20 டன் பிரஸ்தான். ஆனால் 60 மி.மீ. பிஸ்டனில் முழுச் சுமை ஏறும்போது எண்ணெய் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 700 கிலோவைத் தாண்டுகிறது. இங்கே முதல் எதிரி உப்புக் காற்று. ராம் எனப்படும் அழுத்து தண்டின் குரோம் பூச்சில் ஊசிமுனை அளவு துரு விழுந்தாலே, ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அது எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுக்கும். அழுத்தம் காட்டும் கேஜின் முள் துருவேறி நின்றுவிட்டால், எவ்வளவு சுமை ஏறுகிறது என்று தெரியாமலே பம்ப் கைப்பிடியை அடிப்பார்கள். பிரஸின் மேசையைத் தாங்கும் கெட்டி எஃகு பின் (குறுக்கே செருகும் தண்டு) தொலைந்துபோன பல பட்டறைகளில் கான்கிரீட் கம்பியை வெட்டிச் செருகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மிகவும் அஞ்சவேண்டியது இதுதான்: கம்பி வளைந்தால் மேசை ஒரு பக்கமாகச் சரியும், பேரிங் வளையம் உடைந்து முகத்தில் தெறிக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் படகு எஞ்சின் வேலைகள் குவிகின்றன. எனவே மார்ச் மாதத்திலேயே ஆய்வை முடிக்கவேண்டும். கேஜை நல்ல கேஜுடன் ஒப்பிட்டு, 80 சதவீதச் சுமையில் 10 நிமிடம் நிறுத்தி, முள் இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். கசிவைக் கையால் தடவாமல் அட்டையால் தேடவேண்டும். மெல்லிய எண்ணெய்ப் பீய்ச்சல் தோலைத் துளைத்துவிடும். ஆள் குறைந்த சிறு பட்டறைகளுக்கும் இந்த ஆய்வை மாவட்ட நிர்வாகம் கட்டணமின்றிச் செய்து, பிரஸின் இரும்புச் சட்டகத்திலேயே தேதி பொறித்த தகடு ஒட்டவேண்டும்.

- வாசகர், மண்டபம்