சோற்றைக் குறைத்த வாரமே மலையேற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பினாங்கில் இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ள பலர் இரண்டு காரியங்களை ஒரே திங்கட்கிழமையில் தொடங்குகிறார்கள்: சோற்றைக் குறைப்பது, தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் மூச்சிரைக்க ஏறுவது. இரண்டும் நல்லவைதாம். சேர்ந்து தொடங்குவதில்தான் கோளாறு.

நம் தசைகளில் ஏறக்குறைய 400 கிராமும் ஈரலில் 100 கிராமும் மாவுச்சத்து கிளைக்கோஜன் என்ற சேமிப்பாகக் கிடக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு குறைந்ததும் கிளைக்கோஜன் கரையும், தண்ணீர் வெளியேறும். இன்சுலின் தணிவதால் சிறுநீரில் உப்பும் போய்விடும். முதல் வாரம் தராசில் இறங்கும் இரண்டு மூன்று கிலோவில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். அந்த நிலையில் வியர்க்க வியர்க்க ஏறினால் கெண்டைக்கால் இழுக்கும், தலை சுற்றும். உடனே 'சோறில்லாமல் நமக்கு ஆகாது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உடம்பு கேட்டது உப்பும் தண்ணீரும். ரத்த அழுத்தமோ இதய, சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்களுக்கு அந்த நாட்களில் ஒரு கிண்ணம் ரசம் நல்ல மருந்து.

ஆகவே முதல் இரண்டு வாரம் சாப்பாட்டை மட்டும் மாற்றி, சாதாரண நடையோடு நிறுத்திக்கொள்ளலாம். மாவுச்சத்து நாளைக்கு 130 கிராமுக்குள் இருந்தால் போதும். அடியோடு விட வேண்டியதில்லை. 100 கிராம் சோற்றில் 28 கிராம் இருக்கிறது. நாசி கண்டார் கடையில் 250 கிராம் சோறு வாங்கினால் 70 கிராம் அங்கேயே தீர்ந்துவிடும். அரைச் சோறு கேட்டு, மீனும் வெண்டைக்காயும் கூட்டிக்கொள்ளலாம். சோற்றைக் குறைத்துவிட்டு, இனிப்புக் கெட்டிப் பால் ஊற்றிய தேநீரான தே தாரிக்கை விடாதவர்களும் உண்டு. இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப் பாலில் மட்டும் 20 கிராமுக்கு மேல் சீனி. பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு நாக்கு பழக ஒரு வாரம் ஆகும், அவ்வளவுதான்.

மூன்றாம் வாரம் படிக்கு வரலாம். ஐந்து நிமிடம் சமதளத்தில் நடந்துவிட்டு, ஒரு நிமிடம் வேகமாக ஏற வேண்டும். முழு வாக்கியம் பேச முடியாத அளவுக்கு. பிறகு இரண்டு நிமிடம் மெதுவாக. ஆறு சுற்றுப் போதும், மெல்லப் பத்தாக்கலாம். வாரம் இரண்டு நாள், இடையில் 48 மணி நேர ஓய்வு. இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து நிதானமாக இறங்குங்கள். தொடை வலிக்கு ஏற்றத்தைவிட இறக்கமே காரணம். பாதம் மரத்துப்போனவர்களுக்கு வெறுங்கால் படியேற்றம் கூடாது. பக்கத்திலுள்ள தாவரவியல் பூங்காவின் ஏற்றத்தில் காலணியோடு நடக்கட்டும். இதய நோயோ கண்ணில் ரத்தக்கசிவோ இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே வேண்டாம்.

ஏறி முடித்ததும் ரத்தச் சர்க்கரை 7 மில்லிமோல் இருந்தது 9 ஆனால் பதற வேண்டாம். அட்ரினலின் சுரந்து ஈரல் சர்க்கரையை வெளியே தள்ளுவதால் வரும் ஏற்றம் அது. பெரும்பாலும் ஓரிரு மணியில் இறங்கும். உழைத்த தசை இன்சுலின் உதவி அதிகமில்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அடுத்த 24 மணி நேரம் வரை அந்த இழுப்பு நீடிக்கலாம் என்பதால், இன்சுலின் போடுவோரும், இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிக்லசைட் மாத்திரை விழுங்குவோரும் அன்றிரவு படுக்குமுன் சோதித்துப் பார்க்க வேண்டும். 4-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். சோற்றைக் குறைக்கும் முன்பே மருந்தளவைக் குறைக்க வேண்டுமா என்று கிளினிக்கில் கேட்டுவிடுவது நல்லது. நாமாக நிறுத்தக் கூடாது.

சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் மாத்திரைகளை எடுப்பவர்களிடம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மாத்திரைகளோடு மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகிவிடக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த மூச்சு வந்தால் மீட்டரை நம்பிக் காத்திருக்காமல், மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

உணவியல், உடற்பயிற்சித் துறையினர் இருவர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.