கலங்கலின் குறுக்கே வலை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பண்ணைக் குட்டையில் மீன் வளர்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நல்ல கட்டுரை. கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்குவது முதல் தீவனம் வரை தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மீன் தப்பாமலிருக்க, குட்டையில் மிகும் நீர் வெளியேறும் வழியான கலங்கலின் குறுக்கே வலை கட்டச் சொல்லும் வரியைப் படித்ததும் பதறிவிட்டேன். சமதரையில் தோண்டிய குட்டைக்கு அதனால் பெரிய கேடில்லை. சரிவை மறித்து மண்கரை போட்டு நீர் தேக்கியிருக்கும் என் போன்றவர்கள் அதைச் செய்தால் கரையே போய்விடும்.

ஐப்பசி மழையில் வரும் வெள்ளம் சருகையும் முள்ளையும் வாரிக்கொண்டு வரும். சிறுகண் வலை சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். வழி அடைபட்ட நீர் கரையில் தாழ்ந்த இடம் பார்த்து ஏறி வழியும். கற்கட்டு அதைத் தாங்கலாம், மண்கரை தாங்காது. வெளிச்சரிவு அரிபட்டு, உச்சி சரிந்து, தேங்கிய நீர் மொத்தமும் ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

இது வெறும் பயமல்ல. 1889 மே 31 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணை உடைந்து 2,209 பேர் மாண்டார்கள். செல்வந்தர்களின் மீன்பிடி, வேட்டைச் சங்கத்துக்குச் சொந்தமான மண் அணை அது. மீனுக்காகக் கலங்கலில் போட்டிருந்த சல்லடை அன்றைய பெருமழையில் குப்பையால் அடைத்துக்கொண்டது. வண்டிப் பாதைக்காகக் கரை உச்சியை முன்பே தாழ்த்தியிருந்தார்கள். நீரை இறக்கக் கரையின் அடியில் வடிகுழாயும் இல்லை. 2006 மார்ச்சில் ஹவாயின் காவாய் தீவில் கா லோகோ என்ற தனியார் மண் அணை உடைந்து 7 பேர் இறந்தபோதும், அதன் கலங்கல் மண்ணால் மூடப்பட்டிருந்ததாக விசாரணை கூறியது.

நம் குட்டைகள் சிறியவைதான். ஆனாலும் என் கரைக்குக் கீழே இரண்டு வீடுகளும் ஒரு மாட்டுக் கொட்டகையும் இருக்கின்றன. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சிலவற்றையும்தான் கவனிக்கிறது. பட்டா நிலத்தில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நிற்கும் கரையை அதன் உடைமையாளர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீனைக் காக்க வேறு வழி உண்டு. வலையைக் கலங்கலில் கட்டாமல், குட்டைக்குள் சற்றுத் தள்ளி அகன்ற வளைவாக, பெரிய கண்ணோடு, உச்சி கரை மட்டத்துக்கு நன்றாகக் கீழே இருக்கும்படி கட்டலாம். அடைத்தாலும் நீர் அதன் மேலே ஏறிக் கலங்கலுக்குப் போய்விடும். சில மீன்கள் போனால் போகட்டும். அடைமழைக்கு முன்பே வளர்ந்த மீனைப் பிடித்துவிட்டு, மதகைத் திறந்து மட்டத்தை இறக்கிவைப்பது இன்னும் நல்லது.

கட்டுரையின் அந்த வரிக்கு அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அது வாசகர்களைச் சென்றடைய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
தருமபுரி மாவட்டம்.