பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு ரஷ்யப் பெயர்

அன்புள்ள குமாருக்கு,

தமிழ்ப் பெயர்தான் வைக்க வேண்டும் என்று அப்பா போனில் அடித்துச் சொன்னதும் நீ பேசாமல் இருந்துவிட்டாய். என் எண்ணத்தை எழுதிவிடுகிறேன். குழந்தை வோல்கோகிராதில் பிறந்து அங்கேதான் பள்ளிக்கூடம் போகப்போகிறது. ரஷ்யப் பெயரே வையுங்கள்.

நம் பேரே இல்லாமல் போய்விடுமோ என்பதுதான் அப்பாவின் கவலை. போகாது. அங்கே எல்லோருக்கும் மூன்று பெயர்: சொந்தப் பெயர், தகப்பன் பெயரிலிருந்து வருவது, குடும்பப் பெயர். பையனானால் குமாரோவிச், பெண்ணானால் குமாரோவ்னா. உன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. அப்படியானால் வேரா குமாரோவ்னா ராமசாமி. ஒரே வரியில் மூன்று தலைமுறை வந்துவிட்டது. நாம் ஒரு இனிஷியலோடு நிறுத்திக்கொள்வதை அவர்கள் முழுசாக வாய்விட்டுக் கூப்பிடுகிறார்கள். டீச்சரையும் டாக்டரையும் தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்லி அழைப்பதுதான் அங்கே மரியாதை. உன் மகள் டீச்சரானால், உன் பெயரை ஒரு வகுப்பே தினமும் சொல்லும்.

வேரா என்று நானாகவே எழுதிவிட்டேன், பார். பெண் பிறந்தால் என் ஆசை அதுதான். நாத்யாவின் முழுப்பெயர் நதேஷ்தா அல்லவா? வேரா, நதேஷ்தா, லுபோவ் மூவரும் சோஃபியா என்ற தாயின் மகள்கள், விசுவாசத்துக்காக உயிர் விட்டவர்கள் என்பது திருச்சபை மரபு. விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று பொருள். செப்டம்பர் 30 அவர்கள் நாள். 988-இல் விளாதிமிர் இளவரசர் ஞானஸ்நானம் பெற்று வசீலி ஆனார். அதற்குப் பிறகு அந்த நாட்டுப் பெயர்களில் பெரும்பாலானவை கிரேக்க மொழி பேசிய பைசாந்தியப் பேரரசிலிருந்து கிரேக்க ஓசையோடே வந்தன. இரீனா சமாதானம், ஸோயா உயிர், ஃபியோதர் கடவுள் தந்த பிள்ளை. ஆனால் இந்த மூன்று சகோதரிகளின் பெயர்களை மக்கள் தங்கள் பேச்சிலேயே சொல்லிக்கொண்டார்கள். அம்மா நாத்யா, மகள் வேரா என்றால் எவ்வளவு பொருத்தம்!

ஞானஸ்நானப் பெயர்கள் வருவதற்கு முந்தைய பெயர்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எதிர்பாராமல் பிறந்தவன் நெஷ்தான், மூன்றாவது பிள்ளை த்ரெத்யாக், கண் படாமலிருக்க அழகில்லாதவன் என்று நெக்ராஸ். நம் பக்கம் பிச்சை, குப்புசாமி என்று வைத்ததும் இந்தப் பயத்தில்தானே? இப்போது யாரும் அப்படி வைப்பதில்லை. நெக்ராசோவ், த்ரெத்யாகோவ் என்று குடும்பப் பெயர்களில் தங்கிவிட்டன. மாஸ்கோவில் த்ரெத்யாகோவ் ஓவியக் கூடத்துக்குப் போனீர்களே, அந்த வணிகரின் முன்னோர்களில் ஒருவர் மூன்றாவது பிள்ளையாக இருந்திருக்க வேண்டும்.

புரட்சிக்குப் பிறகு விளாதிமிர் லெனினைச் சுருக்கி விளாத்லென் என்றும், லெனினைத் திருப்பிப் போட்டு நினெல் என்றும் வைத்தார்கள். அந்த மாதிரி எதுவும் வேண்டாம். பெற்றவர்களின் கொள்கையைப் பிள்ளை ஆயுளுக்கும் சுமக்கக் கூடாது.

பையன் என்றால் யூரி. கியோர்கி, யெகோர், யூரி மூன்றும் ஒரே கிரேக்கப் பெயரிலிருந்து வந்தவை. உழவன் என்று அர்த்தம். தாத்தா காலம் வரை ஏர் பிடித்த வீட்டுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அப்பாவிடம் இதைச் சொன்னேன், முகம் கொஞ்சம் இளகியது.

செல்லப் பெயர் எதுவானாலும் எனக்குச் சம்மதம். அந்தக் காலத்தில் மாஸ்கோவிலிருந்து தமிழில் வந்த கதைப் புத்தகங்களைப் படிக்கும்போது அலெக்சாந்தர், சாஷா, ஷூரா எல்லாம் ஒரே ஆள் என்று தெரியாமல் திண்டாடியவள் நான். இப்போது வெரோச்கா என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நாத்யாவின் அம்மாவுக்கு மனதில் ஒரு பெயர் இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள். கூடவே இருந்து வளர்க்கப் போகிறவர் அவர்.

ஒரு விஷயம், மறக்காதே. பிறந்த ஒரு மாதத்துக்குள் ஸாக்ஸ் என்ற பிறப்புப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். உன் பாஸ்போர்ட்டின் ரஷ்ய மொழிபெயர்ப்பில் எது உன் பெயர், எது குடும்பப் பெயர் என்பது சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடு. இடம் மாறியிருந்தால் குழந்தை ராமசாமியின் பிள்ளையாகப் பதிவாகிவிடும்.

நாத்யாவை மாடிப்படி ஏறி இறங்க விடாதே.

அன்புடன்,
அம்மா