தாயி, போன எடு

தாயி, போன் அடிச்சா எடுக்க மாட்டுக்க, மெசேஜ் பார்த்துட்டு பதிலும் போட மாட்டுக்க, அதான் இதயாவது படிப்பேன்னு டைப் பண்ணுதேன். நேரத்துக்கு சாப்பிடுதியா? அம்மா கூழ்வத்தலும் கருப்பட்டியும் எடுத்து வச்சிருக்கா.

கேஸ பத்தி கேக்க வரல. சித்தப்பா வந்திருந்தான், "பையன் செத்த கேஸ்ல மாட்டுன அந்தப் பயலுக்கா உம்மவ வக்காலத்து போட்டிருக்கா"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டான். அங்க பார்ல, வக்கீல் சங்கத்துல, அவனுக்கு யாரும் ஆஜராகக் கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்களாம், நீதான் லீகல் எய்டுல, இலவச சட்ட உதவியில, எடுத்திருக்கியாம். அடுத்தவன் சொல்லியா எனக்குத் தெரியணும்? இருந்தாலும் நான் விடலட்டி. காலம்பூரா வக்கீல் குமாஸ்தாவா கேஸ் கட்டோட அலைஞ்சவன்லா உங்க அப்பன். கோயம்புத்தூர் பார் விவகாரத்துல 2010லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டு, இன்னாருக்கு ஆஜராக மாட்டோம்னு பார் போடுத தீர்மானமே செல்லாதுன்னு. மும்பை தாக்குதல்ல பிடிபட்ட கசாபுக்கே வக்கீல் வச்சுக் குடுத்துதான விசாரிச்சாங்கன்னேன். நம்ம வ.உ.சி.யையும் ராஜதுரோகின்னு கூண்டுல நிறுத்தி 1908ல 40 வருஷம் போட்டானே, அவருக்காக வாதாட ஆள் இருந்ததாலதான அப்பீல்ல தண்டன குறைஞ்சு 1912ல வெளிய வந்தாருன்னும் கேட்டேன். அவன் பேசாம காப்பிய குடிச்சுட்டுப் போயிட்டான்.

போலீஸ் எழுதுனத யாருமே குறுக்கு விசாரணை பண்ணலன்னா அந்தத் தீர்ப்பு மேல் கோர்ட்ல நிக்காதுட்டி, அப்போ செத்த பையனோட அம்மாவுக்கும்லா நியாயம் இல்லாமப் போகும். ஒன்னே ஒன்னு, அந்த அம்மாவ கூண்டுல ஏத்தி கேள்வி கேக்கும்போது குரல உயர்த்தாத. நம்ம வக்கீலய்யா சாட்சி அழுதா உடனே உக்காந்துருவாவ, தண்ணி குடுக்கச் சொல்லிட்டு, அவிய தேறுன பிறகுதான் அடுத்த கேள்வி. அப்படி நின்னுதான் பேர் வாங்குனாவ. நீ கோபக்காரி, அதான் சொல்லுதேன், குரல உயர்த்தாத.

ராத்திரி தனியா ஆபீஸ்ல இருக்காத. 2024 டிசம்பர்ல இங்க பாளையங்கோட்டை கோர்ட் வாசல்லயே பட்டப்பகல்ல வாய்தாவுக்கு வந்தவன வெட்டிட்டாங்க, அதுல இருந்து உங்கம்மா டிவில கோர்ட்டுன்னு கேட்டாலே எந்திரிச்சு வந்துருதா. வண்டிய ஒரே இடத்துல நிப்பாட்டாத, வேற வேற ரோட்டுல போ, கூட ஜூனியர் பிள்ள யாரையாவது கூட்டிக்கோ. மிரட்டல் எதுவும் வந்துதா? வந்திருந்தா மறைக்காத, எழுதி ஜட்ஜ் கையில குடு, எனக்கும் ஒரு காப்பி அனுப்பு. கேஸ விட்டுருன்னு நான் சொல்லுவேன்னு நெனச்சுதான் போன் எடுக்கலன்னா, அத நான் சொல்ல மாட்டேன். அம்மா சொல்லுவா, அவட்ட நான் பேசிக்கிடுதேன். ராத்திரி மட்டும் தனியா இருக்காத.

அடுத்த வாய்தா என்னைக்குன்னு போடு. நான் பாசஞ்சர்ல வந்து பின் பெஞ்சுல உக்காந்துக்கிடுதேன், உன்ன தொந்தரவு பண்ண மாட்டேன்.

அப்பா